மீள்நிகழ்த்தல் கூட்டங்களில் பழைய வாள்வித்தைப் பயிற்சியை எப்படி ஏற்பாடு செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. அமெரிக்காவில் இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை மீள்நிகழ்த்தும் குழு ஒன்றில் இருக்கிறீர்கள். ஆண்டில் சில முறை வார இறுதிகளில் கூடாரமடித்துக் கூடுகிறீர்கள். அங்கே பிரம்பு ஆயுதங்களால் கவசச் சண்டையும், ஓரளவுக்கு ரேப்பியர் என்னும் நீண்ட, மெல்லிய வாளால் ஆடும் ஆட்டமும் ஏற்கெனவே நடக்கின்றன. பழைய கைநூல்களில் எழுதியுள்ளபடி வாள்வித்தையைப் பயில விரும்பும் சிலர் இப்போது சேர்ந்திருக்கிறீர்கள். இதை நடக்கும் சண்டைக்குள்ளேயே சேர்ப்பதா, தனியாக நடத்துவதா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். தனியாக நடத்துங்கள் என்பதே என் பதில். கூட்டமும் மைதானமும் ஒன்றாக இருக்கலாம், மனிதர்களும் அவர்களாகவே இருக்கலாம். ஆனால் நேரம், விதி, கருவி, பொறுப்பாளர் ஆகிய நான்கும் வேறாக இருக்க வேண்டும்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. எந்த இடத்தில் பட்ட அடி கணக்கில் வரும், அடிபட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும், கையில் இருப்பது பிரம்பா எஃகா என்பவற்றை மாற்றினால், அதே இரண்டு மனிதர்கள் சில மாதங்களில் வேறு விதமாகச் சண்டையிடத் தொடங்கிவிடுவார்கள். எஸ்சிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரொனிசம் என்னும் மீள்நிகழ்த்தல் அமைப்பு, 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், எழுத்தாளர் டயானா பாக்ஸனின் வீட்டுப் பின்புறத்தில் நடந்த ஒரு சண்டைப் போட்டியிலிருந்து பிறந்தது. அங்கே வளர்ந்த கவசச் சண்டை, கைநூல்களைப் படித்து உருவாக்கப்பட்டதன்று. ஒருவரையொருவர் முழு வலுவோடு அடித்துக்கொண்டும் காயமின்றி வீடு திரும்ப என்ன வழி என்று ஆடிப் பார்த்துப் படிப்படியாகத் திருத்திக்கொண்டது. பிரம்பின் விட்டம் குறைந்தது ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். தலைக்கவசத்தின் எஃகு, 16 கேஜ் என்னும் தடிமனைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. விழுந்த அடி செல்லுமா என்பதை அடிபட்டவரே நேர்மையோடு அறிவிப்பார். முழங்காலிலும் அதற்குக் கீழும் அடிக்கக் கூடாது. தொடையில் நல்ல அடி வாங்கியவர் மண்டியிட்டபடி சண்டையைத் தொடர்வார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோரைப் பாதுகாத்துவந்திருக்கும் இந்த விதிகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் உருண்டையான பிரம்புக்கு விளிம்பு கிடையாது. இரண்டு பிரம்புகள் மோதினால் வழுக்கியோ துள்ளியோ பிரிந்துவிடும். இரண்டு எஃகு வாள்கள் மோதும்போது விளிம்பும் விளிம்பும் ஒரு கணம் பற்றிக்கொண்டு நிற்கும். அந்தக் கணத்தில் எதிராளியின் கை இறுக்கமாக அழுத்துகிறதா, தளர்கிறதா என்பதை வாளின் வழியாகவே உணர்ந்து அடுத்த அசைவைத் தீர்மானிப்பதுதான், 14ஆம் நூற்றாண்டில் யோஹான்னஸ் லீக்டெனாவரின் பெயரோடு தொடங்கும் ஜெர்மானிய நீள்வாள் (இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட வாள்) மரபின் உயிர்நிலை. பிரம்பை வைத்துக்கொண்டு அதைக் கற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் நூலின் சொற்களைக் கற்பார்கள், கலையைக் கற்க மாட்டார்கள்.

இந்த வேறுபாடு நம் காலத்தில் தோன்றியது என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியைச் சேர்ந்த ஃபியோரே டேய் லிபெரி, 1410ஐ ஒட்டித் தம் நூலை எழுதி, ஃபெர்ராராவின் ஆட்சியாளரான மூன்றாம் நிக்கோலோ தெஸ்தேவுக்குச் சமர்ப்பித்தார். அதன் முன்னுரையில், கூரிய வாளோடு கவசமின்றி மோதுபவன் ஒரேயொரு தடுப்பில் தவறினாலும் உயிரிழப்பான் என்றும், நல்ல கவசம் அணிந்து களத்தடைக்குள் மோதுபவன் பல அடிகளை வாங்கிய பின்னும் வெல்ல முடியும் என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். ஜெர்மன் நகரங்களில் 16ஆம் நூற்றாண்டில் பொதுமக்கள் முன் நடந்த வாள் பந்தயங்களிலோ நீள்வாளால் குத்துவது வழக்கிலேயே இல்லை. தலையில் மிக உயரத்தில் இரத்தம் வரச் செய்தவரே வென்றவர். அந்தக் காலத்து மனிதர்களும் விளையாட்டுக்கு ஒரு விதி, உயிர்ப் போராட்டத்துக்கு ஒரு விதி, கவசப் போட்டிக்கு ஒரு விதி என்று பிரித்தே வைத்திருந்தார்கள். ஆகவே, நீங்கள் தனியாகப் பிரிப்பது உங்கள் குழுவின் கவசச் சண்டைக்காரர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. இதை முதல் கூட்டத்திலேயே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை இத்தகைய முயற்சிகள் குலைவதற்குப் பெரும்பாலும் காயங்கள் காரணமல்ல. ‘நாங்கள்தான் உண்மையான வாள்வித்தை செய்கிறோம்’ என்ற தொனி எழுப்பும் மனக்கசப்பே காரணம்.

விதி எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கு ஒரே ஒரு சான்று தருகிறேன். 1361இல் ஸ்வீடனின் காட்லாந்துத் தீவில் உள்ள விஸ்பி நகரின் மதிலுக்கு வெளியே, டென்மார்க் மன்னர் வால்டெமார் அட்டெர்டாகின் படை தீவின் குடியானவர்களைக் கொன்று குவித்தது. பிணக்குழிகளை 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அகழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் காணப்பட்ட வெட்டுக்காயங்களில் பெரும்பகுதி கால்களில், அதிலும் முழங்காலுக்குக் கீழே இருந்தது. முழங்காலுக்குக் கீழே அடிப்பதைத் தடைசெய்த விதியில் பல ஆண்டுகள் ஆடியவருக்கு, கேடயத்தைத் தாழ்த்த வேண்டிய அவசியமே எழுந்திருக்காது. மறுபக்கம், இரு கைகளால் வாளைப் பிடித்திருக்கும்போது முழங்காலுக்குக் கீழே அடிப்பது அடிப்பவருக்கே பெரும் ஆபத்து என்று ஃபியோரே எச்சரிக்கிறார். கீழே எட்டும்போது தலை திறந்துவிடும், எதிராளி காலைப் பின்னிழுத்துக்கொண்டு மேலிருந்து வெட்டுவார். விஸ்பியில் நடந்தது கேடயமும் நெரிசலும் கலந்த கூட்டச் சண்டை. ஃபியோரே பேசுவது இருவர் மட்டும் மோதும் சண்டை. இரண்டும் உண்மை. உங்கள் பயிற்சி இவற்றில் எதை ஆராய்கிறது என்பதை முடிவு செய்யாமல், கால் அடி செல்லுமா செல்லாதா என்று விதி வகுக்க முடியாது. அதே விஸ்பியில் 1984 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் இடைக்கால வாரம் கொண்டாடப்படுகிறது. அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் அருங்காட்சியகத்தில் அந்த எலும்புகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எனவே முதல் வேலை, ஒரு நூலையும் ஓர் ஆயுதத்தையும் தேர்ந்தெடுப்பது. ஆர்வம் மிகுந்த குழுக்கள் நீள்வாள், ஈட்டி, கோடரி, கட்டாரி என்று எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் தொட்டுப் பார்ப்பார்கள். மறுமுறை கூடும்போது எதுவும் கையில் நிற்காது. சிலம்பத்தில் காலடி பதியும்வரை ஆசான் மாணவரை அடுத்த பாடத்துக்கு விடமாட்டார். ஐரோப்பிய இடைக்கால வாள்வித்தைக்கு அப்படித் தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் வந்த ஆசான் மரபு இல்லை. அந்த இடத்தில் நமக்கு இருப்பது நூல் மட்டுமே. ஆகவே அந்தக் கண்டிப்பை நாமே நம்மீது விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல சுவடிகளின் படங்களும் எழுத்துப்பெயர்ப்புகளும் மொழிபெயர்ப்புகளும் விக்டெனாவர் என்னும் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதனால் நூலுக்காக ஒரு காசும் செலவழிக்கத் தேவையில்லை.

உங்கள் குழுவில் ஏற்கெனவே ரேப்பியர் ஆட்டம் இருப்பதால் அங்கிருந்து தொடங்குவதே எளிது என்பது என் கருத்து. முகக்காப்பு, கழுத்துக் காப்பு, மழுங்கிய எஃகு வாள் ஆகியவை ஏற்கெனவே கையில் இருக்கும். தூரத்தையும் காலத்தையும் பற்றிய உணர்வும் ஓரளவு வந்திருக்கும். வெனிஸில் 1606இல் நிக்கொலெத்தோ ஜிகாந்தி வெளியிட்ட நூல், நிலை, எதிர்நிலை, எதிராளியின் வாளைக் கட்டுப்படுத்துவது, வாளைக் கீழாகச் சுழற்றி மறுபுறம் கொண்டுவருவது என்று பாடம் பாடமாகப் போகிறது. ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோவின் 1610ஆம் ஆண்டு நூலைவிடப் புதியவர்களுக்கு இது பிடிபடும். எஸ்சிஏவின் கால எல்லை 17ஆம் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறதே என்று யாராவது கேட்பார்கள். 1606இல் அச்சேறிய ஒரு முறை அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே புழக்கத்தில் இருந்திருக்கும் என்பது நியாயமான விடை. குழு அதை ஏற்காவிட்டால், இத்தாலியின் போலோன்யா நகர மரபைச் சேர்ந்த அக்கில்லே மரோட்ஸோவின் 1536ஆம் ஆண்டு நூலுக்குப் போகலாம். ஆனால் அதில் வெட்டுகள் மிகுதி என்பதால் ரேப்பியர் ஆட்டத்துக்கான இலகுவான காப்பு போதாது.

கண்டிப்பாக இடைக்காலம்தான் வேண்டும் என்றால், நான் சொல்லப்போவது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். நீள்வாளைத் தொடாமல், ஃபியோரேயின் கட்டாரிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். மென்மையான போலிக் கட்டாரியும் கண்ணைக் காக்கும் முகக்காப்பும் இருந்தால் மெதுவான வேகத்தில் உடனே பயிலலாம். கூடாரங்களுக்கு நடுவே கிடைக்கும் சிறிய புல்வெளியே போதும். அக்கால உடையிலேயே செய்யலாம். மேலும் அந்தப் பகுதி கற்பிப்பதற்கென்றே அடுக்கப்பட்டிருக்கிறது. தாக்குதலுக்கு மாற்றுச் செய்யும் ஆசான் படத்தில் கிரீடம் அணிந்திருப்பார். அந்த மாற்றிலிருந்து கிளைக்கும் நுட்பங்களைச் செய்யும் மாணவரின் முழங்காலுக்குக் கீழே பொன் பட்டை இருக்கும். அந்த மாற்றையும் முறியடிப்பவர் கிரீடமும் பட்டையும் சேர்த்தே அணிந்திருப்பார். கட்டாரிக்கு மட்டும் இப்படி மாற்று ஆசான்கள் ஒன்பது பேர். எழுத்தைப் படிக்காமலே, படத்தில் யார் வெல்கிறார் என்று மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். கட்டாரியில் பழகிய பிடிகளும் மடக்குகளும் நீள்வாள் பகுதியில் வாள்கள் நெருங்கும்போது மீண்டும் வருவதால், இந்தப் பாதை சுற்றுவழி ஆகாது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஐ.33 என்னும் சுவடியையும் பலர் விரும்புகிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அது, நம்மிடம் எஞ்சியிருக்கும் ஐரோப்பிய வாள் நூல்களில் மிகப் பழையது. ஒரு பாதிரியார் தம் மாணவருக்கு வாளும் சிறுகேடயமும் கற்பிக்க, இறுதிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண் ஒருத்தி பாதிரியாரோடு வாள் பயில்கிறாள். உங்கள் குழுவின் பெண்களுக்கு, இடைக்காலத்தில் தங்களுக்கு இடமே இல்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். நூல் அருமையானது, ஆனால் லத்தீன் வாசகம் சுருக்கமானது, படங்களுக்கிடையே நிகழ்வதை நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவர் இருந்தாலன்றி முதல் நூலாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி நேரத்தை எப்படி நடத்துவது? ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பத்தி போதும். முதலில் அந்தப் பத்தியை உரக்கப் படியுங்கள், படத்தைக் கைமாற்றிக் காட்டுங்கள். பிறகு இருவர் எழுந்து வாசகம் சொல்வதை மட்டும், சொல்லாத எதையும் சேர்க்காமல், மெதுவாகச் செய்து காட்டட்டும். அங்கேயே முதல் சிக்கல் தெரியும்: எந்தக் கால் முன்னே என்று நூல் சொல்லியிருக்காது, அல்லது படத்தில் உள்ள தூரம் வாசகத்தோடு பொருந்தாது. இரண்டு மூன்று விளக்கங்களை எடுத்து, இணை இணையாகப் பிரிந்து, ஒவ்வொன்றையும் சோதியுங்கள். இதன்பின் தாக்குபவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தானாகத் தெரிவு செய்ய, தடுப்பவர் அதைக் கண்டுகொண்டு விடையளிக்கும் பயிற்சிக்குப் போங்கள். நூலில் உள்ள ஒரு நிலையிலிருந்து தொடங்கி ஒரே ஒரு அடியோடு முடியும் குறுமோதல் கடைசியில் வரட்டும். கட்டற்ற மோதல் இந்த நேரத்துக்குள் வரவே வேண்டாம். அதற்குத் தனி நேரம் வையுங்கள். ஆசிரியராக நிற்பவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நூலில் எந்த வரி அதற்கு ஆதாரம் என்று காட்டக் கடமைப்பட்டவர். ஆதாரம் இல்லாத இடத்தில் ‘இது என் ஊகம்’ என்று அவரே சொல்லிவிட வேண்டும். ஓர் ஆசிரியருக்கு ஆறு இணைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். மெதுவான பயிற்சியில் நடக்கும் காயங்கள் பெரும்பாலும் ஒருவர் மெதுவாகவும் மற்றவர் தன்னையறியாமல் வேகமாகவும் அசைவதால் வருபவை, அதைக் கண்காணிக்க ஒரு ஜோடிக் கண்களுக்கு அவ்வளவுதான் முடியும்.

காப்பைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலை மிகுகிறது, ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள். பிரம்பும் எஃகும் ஒரே களத்தில் ஒருபோதும் கலக்கக் கூடாது. வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி ஒலிம்பிக்கில் அணிந்தது போன்ற கம்பிவலை முகக்காப்பு, மெல்லிய வளையும் அலகுகளுக்காக வடிவமைக்கப்பட்டது. முன்புறக் குத்தை அது நன்றாகத் தாங்கும். ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள நீள்வாள் மேலிருந்து விழும்போது வலை கிழியாது, ஆனால் அதிர்ச்சி மூளையைச் சென்றடையும். தடித்த பிரம்பின் முழு அடியை அந்த முகக்காப்போடு வாங்குவதை நினைத்துப் பார்க்கவும் கூடாது. மறுபக்கம், எஃகுத் தலைக்கவசம் அணிந்தவருக்கு இலகுவான வாளின் தொடுதல் உணரவே படாது. அவர் நேர்மையானவர்தான், ஆனால் உணராததை எப்படி அறிவிப்பார்? நீள்வாளுக்கு முகக்காப்பின் மேல் கூடுதல் திணிப்புறையும், பின்னந்தலைக் காப்பும் கட்டாயம். சாதாரண முகக்காப்பு பின்னந்தலையை மூடாது என்பதைப் புதியவர்கள் அறிய மாட்டார்கள். திரும்பி ஓடும்போதும் மல்லுக்கட்டும்போதும் அடி விழுவது அங்கேதான். அடுத்தது விரல்கள். நீள்வாள் மோதலில் அடிக்கடி உடைபவை அவை. ஹாக்கி, லக்ராஸ் ஆட்டங்களுக்கான கையுறைகள் மெதுவான பயிற்சிக்கு மட்டுமே போதும்.

வாள்களில், ஃபெடர் என்று அழைக்கப்படும் பயிற்சி வாளையே வாங்குங்கள். மெல்லிய, குத்தும்போது வளைந்து கொடுக்கும் அலகும், கைப்பிடிக்கு அருகே அகன்ற பகுதியும் கொண்ட அந்த வடிவம் அக்காலப் பயிற்சிக் கூடங்களிலேயே இருந்தது என்பதால், மீள்நிகழ்த்தல் கண்ணோடும் அது பொருந்துகிறது. மேடைச் சண்டைக்கான வாள்கள் குத்தும்போது வளையாது. அவற்றைக் கட்டற்ற மோதலில் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு காலையிலும் ஒருவர் எல்லா வாள்களின் விளிம்பையும் துணியால் வருடிப் பார்க்க வேண்டும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே அரம் போட வேண்டும். நிறுத்தச் சொல் ஒன்றே ஒன்று இருக்கட்டும்: உங்கள் குழுவினர் ‘ஹோல்ட்’ என்ற சொல்லுக்குப் பழகியிருப்பதால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து வருபவர்களுக்கு அதைத் தொடங்கும்முன் சொல்லிக்கொடுங்கள். தலையில் அடிபட்டு ஒரு கணமேனும் தடுமாறியவர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், மருத்துவர் பார்க்கும்வரை கூடாது.

உடையைப் பற்றி உங்கள் குழுவில் விவாதம் எழும். கறுப்பு நைலான் மேலாடையும் பிளாஸ்டிக் காப்புகளும் கூட்டத்தின் தோற்றத்தைக் கெடுக்கின்றன என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. எல்லோரும் பாடுபட்டு உருவாக்கிய சூழல் அது. மெதுவான பயிற்சி அனைத்தையும் அக்கால உடையில் செய்யுங்கள், கட்டற்ற மோதலை மட்டும் கயிறு கட்டிய தனிக் களத்தில் நவீனக் காப்போடு வையுங்கள், காப்பின் மேல் லினன் மேலங்கி ஒன்றை எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். உண்மையில் அக்கால உடை இந்தப் பயிற்சிக்குப் பெரிய ஆசான், இதைப் பல வாள்வித்தைக் கூடங்கள் இழந்துவிட்டன. மரத்தரையில், ரப்பர் அடிக் காலணியோடு பழகியவர், ஈரப் புல்லில் மெல்லிய தோல் காலணியோடு நின்றால் தம் பாய்ச்சலைத் தாமே குறைத்துக்கொள்வார். குதிகாலில் ஊன்றித் திரும்புவதா, முன்பாதத்தில் ஊன்றித் திரும்புவதா என்று ஏட்டில் முடிவில்லாமல் நடக்கும் வாதம், சரிவான புல்வெளியில் கால் மணி நேரத்தில் தெளிவடையும். மேற்சட்டையோடு கயிற்றால் கட்டிய காலுறை மோசமாகத் தைக்கப்பட்டிருந்தால் குனிய முடியாது; நன்றாகத் தைக்கப்பட்டிருந்தால் எதுவும் தடுக்காது. உங்கள் தையல்காரர்களை இந்தப் பயிற்சிக்கு அழையுங்கள். கூடமொன்றில் கிடைக்காததும் மீள்நிகழ்த்தல் கூட்டத்தில் மட்டுமே கிடைப்பதும் இதுதான்: ஆடை, காலணி, நிலம், ஆயுதம் நான்கும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

வெயிலை மறக்க வேண்டாம். பென்சில்வேனியாவில் 1972 முதல் நடந்துவரும் பென்சிக் போர் போன்ற பெரிய கூட்டங்கள் கோடையின் உச்சத்தில் வருகின்றன. திணிப்பு வைத்த மேலாடைக்குள் உடல் சூடு இறங்க வழியில்லை. விடியலுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தையும் மாலையையும் களப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, நண்பகலை நிழலில் நூல் வாசிப்புக்கு வைத்தால், மற்ற வகுப்புகளோடும் பெரிய போர்களோடும் நேரம் மோதாது. களம் கூடாரக் கயிறுகளிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் விலகியிருக்கட்டும். பார்வையாளர் கயிறு, வாள் எட்டும் தூரத்துக்கு அப்பால் இரண்டு மூன்று அடி பின்வாங்க இடம் விட்டுக் கட்டப்பட வேண்டும், சிறுவர்கள் கயிற்றுக்குக் கீழே நுழைவார்கள் என்பதால் ஒருவர் களத்துக்கு முதுகு காட்டி அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மற்போரும் கவசப் போரும் நூல்களில் இருக்கின்றன; ஆனால் கூட்டத்தில் அவற்றுக்கு எல்லை உண்டு. விழப் பழகாதவர்களைக் கல் கிடக்கும் நிலத்தில் மற்போருக்கு இறக்காதீர்கள். கவசத்தில், வாளின் நடுவே பிடித்து அக்குளிலும் முகத்திறப்பிலும் குத்துவதே நூல்கள் கற்பிக்கும் மையமான நுட்பம். அதை வேகத்தில் செய்யப் பாதுகாப்பான வழி இல்லாததால்தான் இன்றைய முழுத்தொடுகைக் கவசப் போட்டிகள் குத்தைத் தடைசெய்கின்றன. மெதுவாக, இணக்கத்தோடு, கவசத்தின் இடுக்குகள் எங்கே திறக்கின்றன என்று தேடிப் பார்ப்பது போதும். கூர்வாளால் நனைத்த பாய்ச்சுருளை வெட்டும் சோதனையைப் பொதுமக்கள் வரும் நாளில் வைக்கவே வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாக: உங்கள் கூட்டத்தை நடத்தும் அமைப்பின் மார்ஷல்களிடம் (சண்டைகளை மேற்பார்வையிடும் பொறுப்பாளர்களிடம்), எந்தப் பயிற்சி அவர்களுடைய விதிகளின்கீழ் வருகிறது, எது வராது என்பதையும், காப்பீடு எதை ஏற்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பொறுப்பாளர் கவசச் சண்டையையும் உங்கள் பயிற்சியையும் ஒரே நேரத்தில் மேற்பார்வையிடக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் உடனிருக்க, கட்டாரி மெதுவான பயிற்சியில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

இறுதியில் எல்லோரும் போட்டி வேண்டும் என்பார்கள். அதற்கு 16ஆம் நூற்றாண்டு லண்டனின் வாள் ஆசான்கள் சங்கம் ஓர் அழகான முன்மாதிரியை விட்டுச் சென்றிருக்கிறது. அங்கே மாணவர், மேல்நிலை மாணவர், துணை ஆசான், ஆசான் என்று படிகள் இருந்தன. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏற விரும்புபவர், பொது இடத்தில், மக்கள் முன்னிலையில், அந்தப் படியில் உள்ளவர்களோடு பல ஆயுதங்களில் ஒருவர் பின் ஒருவராக மோத வேண்டும். எல்லோரையும் வெல்வதைவிட, நன்றாகத் தாக்குப்பிடித்து ஆடுவதே அங்கே பார்க்கப்பட்டது. உங்கள் கூட்டத்தின் நடுவில், கொட்டும் கொடியும் சூழ, ஒருவர் தாம் ஓராண்டு படித்த நூலிலிருந்து இப்படி ஆடிக் காட்டுவது, புள்ளிக் கணக்கைவிடக் கூட்டத்தின் இயல்புக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். அடியை அடிபட்டவரே அறிவிக்கும் உங்கள் குழுவின் வழக்கத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்; நடுவர்கள் கொடி தூக்கும் இன்றைய போட்டிகளைவிட அது மனிதர்களை நேர்மையாக்குகிறது. ஆனால் ஒரு விதியைச் சேருங்கள்: இருவரும் ஒரே நேரத்தில் அடிபட்டால் அது இருவருக்கும் தோல்வி, அப்படி மூன்று முறை நேர்ந்தால் அந்த ஆட்டம் முடிந்தது. தாம் அடிபடாமல் அடிப்பதற்கு வழி தேடுபவைதாம் இந்த நூல்கள். இந்த விதி இல்லாத களத்தில் வேகமான கை எப்போதும் நல்ல வாள்வித்தையை வென்றுவிடும்.

கூட்டம் கலையும் முன், எந்தப் பத்தியைப் படித்தீர்கள், என்னென்ன விளக்கங்களைச் சோதித்தீர்கள், எது ஏன் தோற்றது என்பதை ஒருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதி எல்லோருக்கும் அனுப்பட்டும். அடுத்த கூட்டத்துக்கான பத்தியையும் தேவையான காப்புகளின் பட்டியலையும் இரண்டு மாதங்களுக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள். நல்ல கையுறைகளைச் செய்து தருபவர்கள் பெரும்பாலும் சிறிய பட்டறைக்காரர்கள், கேட்டு வாங்குவதற்கு அவ்வளவு காலம் ஆகும்.